கோராகு வீட்டுப் பிள்ளைகள்

வாசிக்க வேண்டிய வேதபகுதிகள்: எண்ணாகமம் 16-ம் அதிகாரம், எண். 26:9-11, 1 நாளாகமம் 6:33-38, சங்கீதம் 84



போன மாதம் உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது இரண்டு சகோதரிகள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. ஒருவர், "நாங்க அஞ்சு தலைமுறையா வேதக்காரங்க. எங்க பூட்டன் உபதேசியார். எங்க வீட்ல ஆசீர்வாதத்துக்குக் குறைச்சலே கிடையாது" என்றார். மற்ற சகோதரி ஞானஸ்நானம் எடுத்து மூன்று வருஷம்தான் ஆகிறது. அவர், "உங்களுக்கென்னக்கா. எங்க வம்சத்துல என்ன இருக்கு? சாபந்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பேரும் ஆண்டவரை நேசிக்கிறவர்கள்தான். ஆனால் இரண்டு பேருமே ஆசீர்வாதத்தை நிலப்பட்டா மாதிரி நினைத்திருக்கிறார்கள். தாத்தா பேரில் இருந்தால் அப்பா பேருக்கு வரும், அப்பாவுக்குப் பிறகு நமக்கு வரும். தாத்தா பேரில் வில்லங்கம் இருந்தால் அதுவும் நமக்கு வரும். இந்த எண்ணம் சரிதானா என்று வேதத்தைத் திறந்து பார்ப்போம். இதை எழுத எனக்கு ஒரு கடன் உண்டு. அது என்ன கடன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கோராகு யார்? யாத்திராகமம் 6:18-21 வாசித்தால் தெரியும், மோசேக்கும் ஆரோனுக்கும் சித்தப்பா மகன். லேவி கோத்திரம், கோகாத் வம்சம். மற்ற லேவியருக்கு வண்டியும் மாடும் கொடுத்தார்கள். கோகாத் புத்திரருக்கு வண்டி கொடுக்கவில்லை. பரிசுத்த ஸ்தலத்துக்குரியவைகளை அவர்கள் தோளில்தான் சுமக்க வேண்டும் (எண். 7:9). எவ்வளவு பெரிய பாக்கியம்! ஆனால் கோராகுக்கு அது போதவில்லை. ஆசாரியப் பட்டமும் வேண்டும் என்று தாத்தானையும் அபிராமையும் சேர்த்துக்கொண்டு, சபையில் பேர்பெற்ற 250 பேரைக் கூட்டிக்கொண்டு மோசேக்கு விரோதமாய் எழும்பினான். முடிவு உங்களுக்குத் தெரியும். பூமி வாயைத் திறந்தது. தூபங்காட்டின 250 பேரை அக்கினி பட்சித்தது. மறுநாள் ஜனங்கள் முறுமுறுத்ததினால் வந்த வாதையில் 14,700 பேர் மாண்டார்கள். ஒரு மனுஷனுடைய மேட்டிமை எத்தனை வீடுகளில் அழுகையைக் கொண்டுவந்தது பாருங்கள்.

இப்படிப்பட்டவனுடைய வீட்டில் பிறந்த பிள்ளைக்கு என்ன எதிர்காலம் இருக்கும்? நம்முடைய ஊராக இருந்தால் அந்த வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

பத்து அதிகாரம் தள்ளி, ஜனத்தொகை எடுக்கிற இடத்தில், பேர்களும் எண்ணிக்கையுமாய்ப் போகிற நடுவில் ஒரு சின்ன வசனம் இருக்கிறது. எண். 26:11. அநேகர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நானும் வேதாகமக் கல்லூரியில் படிக்கும்போது தாண்டிப் போனவன்தான். கோராகின் குமாரர் அன்றைக்குச் சாகவில்லை என்கிறது அந்த வசனம். அவ்வளவுதான். எப்படித் தப்பினார்கள் என்று எழுதியில்லை. ஆனால் 16:24-26-ல் இந்த மனுஷருடைய கூடாரங்களை விட்டு விலகிப்போங்கள் என்று ஒரு சத்தம் உண்டாயிருக்கிறது. அந்தச் சத்தத்துக்குக் கீழ்ப்படிந்து சொந்தத் தகப்பனுடைய கூடாரத்தை விட்டு நடந்திருப்பார்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பிள்ளைகளுடைய கால்கள் எப்படி நடுங்கியிருக்கும்!

இனி 1 நாளாகமம் 6:33-38-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது பேரனிலிருந்து முற்பிதாவுக்குப் போகிற அட்டவணை. அதைக் கீழேயிருந்து மேலே வாசியுங்கள். இஸ்ரவேல், லேவி, கோகாத், இத்சேயார், அதற்குப் பிறகு கோராகு. இன்னும் பல பேர்களைத் தாண்டி எல்க்கானா என்ற ஒரு மனுஷன். அன்னாளின் புருஷன்! சீலோவிலே மனங்கசந்து அழுதாளே, அந்தத் தாய் வாழ்க்கைப்பட்டது கோராகு வம்சத்தில். அவள் பெற்ற சாமுவேல் தீர்க்கதரிசி கோராகின் சந்ததி. இதைப் பிரசங்கத்தில் சொன்னபோது முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "நெசமாவா?" என்று சத்தமாய்க் கேட்டுவிட்டார். நெசந்தான், வீட்டுக்குப் போய் வாசித்துப் பாருங்கள் என்றேன்.

சரி, சாமுவேலோடு எல்லாம் நேராகிவிட்டதா? இல்லை. அவருடைய குமாரர் யோவேலும் அபியாவும் பெயெர்செபாவிலே நியாயாதிபதிகளாய் இருந்து பரிதானம் வாங்கினார்கள் (1 சாமு. 8:1-3). ஏலியின் பிள்ளைகள் கெட்டதை சாமுவேல் சிறுவயதிலேயே கண்ணால் பார்த்தவர். அப்படியிருந்தும் அவர் பிள்ளைகள் இப்படி ஆனார்கள். வருஷந்தோறும் பெத்தேல், கில்கால், மிஸ்பா என்று அவர் சுற்றி வந்ததாக 7:16 சொல்கிறது. அதனால்தான் பிள்ளைகள் கெட்டார்கள் என்று வேதம் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் ஊர் ஊராய் ஜெபக்கூட்டத்துக்குப் போகிற என்னைப் போன்றவனுக்கு அந்த வசனத்தை வாசிக்கும்போது உள்ளே குத்துகிறது.

அந்த யோவேலின் மகன் யார்? ஏமான். தாவீது ராஜா உடன்படிக்கைப் பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவந்தபோது வெண்கலக் கைத்தாளம் தட்டினவர்களில் ஒருவன் (1 நாளா. 15:17-19). ராஜாவுக்கு ஞானதிருஷ்டிக்காரன். தேவன் அவனுக்கு 14 குமாரரையும் 3 குமாரத்திகளையும் கொடுத்தார். அவர்கள் தகப்பன் வசத்திலிருந்து கர்த்தருடைய ஆலயத்தில் பாடினார்கள் (25:5-6). லஞ்சம் வாங்கின அப்பனுக்குப் பிறந்தவன் ஆலயத்திலே பாடகன்!

(சிலர் கவனித்துக் கேட்பீர்கள், 6:28-ல் சாமுவேலின் மூத்த மகனுக்கு வேறு பேர் இருக்கிறதே என்று. எபிரெய மொழியில் அந்தச் சொல் 'இரண்டாவது மகன்' என்று சொல்லுகிற சொல்லைப் போலவே இருக்கும். கைப்பிரதி எழுதும்போது யோவேல் என்ற பேர் அங்கே விடுபட்டுப் போயிருக்கலாம் என்பது பண்டிதர்களுடைய விளக்கம். 33-ம் வசனத்தில் யோவேல் என்றே இருக்கிறது.)

சங்கீத புஸ்தகத்தில் கோராகின் புத்திரர் பேரில் 11 சங்கீதங்கள் உண்டு. 42, 44 முதல் 49 வரை, 84, 85, 87, 88. தலைப்பைப் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 46-ம் சங்கீதத்தை நாம் எத்தனை தடவை பாடியிருப்போம்! பூமி புரண்டுபோனாலும் பயப்படமாட்டோம் என்று அங்கே பாடுகிறவர்கள் யார்? பூமி பிளந்து முற்பிதாவை விழுங்கின வீட்டார். அவர்கள் பாடினால் அது வெறும் பாட்டா? அல்லேலூயா!

84-ம் சங்கீதம் 10-ம் வசனத்தைப் பாருங்கள். தேவனுடைய ஆலயத்தின் வாசற்படியில் காத்திருப்பதே எனக்குப் போதும் என்ற கருத்து. 1 நாளா. 9:19-ன்படி கோராகியர் வாசல் காக்கிறவர்கள். முற்பிதா உள்ளே போய் ஆசாரியனாக வேண்டும் என்று அடம்பிடித்தான். சந்ததி, எங்களுக்கு வாசற்படி போதும் ஆண்டவரே என்று சந்தோஷமாய்ப் பாடுகிறது. தங்கள் வீட்டு வரலாறு தெரியாமலா அப்படிப் பாடியிருப்பார்கள்? யாரோ ஒரு தகப்பன் மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான் என்றே நான் நினைக்கிறேன். பல நூறு வருஷம் கழித்து யோசபாத் ராஜாவின் நாளிலும் யுத்தத்துக்கு முந்தி எழுந்து நின்று மகா சத்தத்தோடே துதித்தவர்களில் கோராகியர் இருந்தார்கள் (2 நாளா. 20:19).

இந்த இடத்தில் கன்வென்ஷன் கூட்டங்களில் நீங்கள் கேட்டிருக்கக்கூடிய ஒரு கதையைத் தொட வேண்டும். அமெரிக்காவில் ஜோனத்தான் எட்வர்ட்ஸ் (1703-1758) என்ற எழுப்புதல் பிரசங்கியார், அவருடைய சந்ததியில் எல்லாரும் கல்லூரித் தலைவர்கள், போதகர்கள், நீதிபதிகள். ஜூக்ஸ் என்ற ஒரு துன்மார்க்கன், அவனுடைய சந்ததியில் எல்லாரும் திருடர்கள், குடிகாரர்கள். ஆகவே நல்ல மரம் நல்ல கனி என்று முடிப்பார்கள். நானும் நாலு தடவையாவது இதைப் பிரசங்கித்திருக்கிறேன். பிறகுதான் தேடிப் படித்தேன். ஜூக்ஸ் என்பது டக்டேல் என்பவர் 1877-ல் எழுதிய ஆராய்ச்சியில் அவரே வைத்த கற்பனைப் பேர். அது ஒரே வம்சமும் அல்ல, பல குடும்பங்களை அந்த ஒரே பேரில் சேர்த்திருக்கிறார். இரண்டு வம்சங்களையும் ஒப்பிட்டு 1900-ல் புஸ்தகம் எழுதினவர் வின்ஷிப் என்பவர்.

எட்வர்ட்ஸ் மெய்யாகவே பெரிய தேவமனுஷன், அதில் சந்தேகமில்லை. 1734-35-ல் நார்த்தாம்ப்டன் ஊரில் அவருடைய சபையில் உண்டான எழுப்புதல் சரித்திரத்தில் இருக்கிறது. ஆனால் அவருடைய அப்பாவைப் பெற்ற பாட்டி எலிசபெத் டட்டில் யார்? விபசாரத்தினிமித்தம் புருஷன் வழக்காடி 1691-ல் விவாகரத்துப் பெற்றான். அந்தப் பாட்டியின் சகோதரன் 1676-ல் கூடப்பிறந்தவளையே கோடாரியால் வெட்டிக் கொன்று தூக்கிலிடப்பட்டான். நம்முடைய சாபம் முறிக்கிறவர்களிடம் எட்வர்ட்ஸ் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? சந்ததிப் பட்டியலிலும் ஒரு துணை ஜனாதிபதி உண்டு என்று பெருமையாய்ச் சொல்வார்கள். அவர் ஆரோன் பர், எட்வர்ட்ஸின் மகள் வயிற்றுப் பேரன். 1804-ல், பதவியில் இருக்கும்போதே, அலெக்ஸாண்டர் ஹாமில்டன் என்பவரைத் துப்பாக்கிச் சண்டையில் சுட்டுக் கொன்றவர் அவர்தான். 1807-ல் ராஜதுரோக வழக்கில் நின்று விடுதலையானார். பாவம், மூன்று வயது ஆகிறதற்குள் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி எல்லாரையும் சாகக்கொடுத்த பிள்ளை. அந்த வீட்டு ஜெபத்தை அவர் கேட்டு வளரவே இல்லை.

அப்படியானால் யாத்திராகமம் 20:5 என்ன? பிதாக்களின் அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறை வரைக்கும் விசாரிப்பதாகத்தானே இருக்கிறது என்று கேட்பீர்கள். வசனத்தை முழுவதும் வாசியுங்கள். யாரிடத்தில் விசாரிக்கிறார்? தம்மைப் பகைக்கிறவர்களிடத்தில். அப்பனும் பகைத்தான், மகனும் அதே விக்கிரகத்தைப் பிடித்துக்கொண்டு பகைக்கிறான். அந்தக் காலத்தில் பாட்டன், தகப்பன், மகன், பேரன் எல்லாரும் ஒரே கூடாரக் கூட்டத்தில்தான் குடியிருந்தார்கள். அடுத்த வசனம் என்ன? தம்மில் அன்புகூருகிறவர்களுக்கு ஆயிரம் தலைமுறை மட்டும் இரக்கம் (உபா. 7:9-யும் சேர்த்துப் பாருங்கள்). மூன்றும் நான்கும் எங்கே, ஆயிரம் எங்கே? நாம் ஆயிரத்தை விட்டுவிட்டு நாலைப் பிடித்துக்கொண்டு அழுகிறோம்.

எசேக்கியேல் 18-ம் அதிகாரம் இதற்கென்றே எழுதப்பட்டது. நீதிமானுக்குத் துன்மார்க்கனான மகன், அவனுக்கு நீதிமானான மகன். ஒவ்வொருவனும் அவனவன் நடக்கைக்குத்தக்கதாய் நியாயந்தீர்க்கப்படுகிறான். எசேக்கியா, மனாசே, ஆமோன், யோசியா என்ற நாலு ராஜாக்களைப் பாருங்கள். நல்லவனுக்குப் பிறந்தவன் தேசத்தையே விக்கிரகத்தால் நிரப்பினான். அவன் மகனும் அப்படியே. எட்டு வயதில் சிங்காசனம் ஏறின யோசியாவோ கர்த்தரைத் தேடினான்.

அப்பன் செய்தது பிள்ளையைத் தொடவே தொடாது என்று நான் சொல்லவில்லை. அப்பன் குடித்து வைத்த கடனைப் பிள்ளைதான் அடைக்கிறான். அடித்து வளர்க்கப்பட்டவனுக்குக் கை முன்னால் போகிறது. பெற்றோருக்குச் சர்க்கரை வியாதி இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு உண்டு, காலத்தில் டாக்டரிடம் காட்டிக்கொள்ளுங்கள். இதெல்லாம் விளைவு. குற்றம் வேறு. 1 பேதுரு 1:18 முன்னோர் வழியாய் வந்த வீணான நடத்தையைப் பற்றிப் பேசுகிறது. அந்த நடத்தையிலிருந்து கிறிஸ்துவின் விலையேறப்பெற்ற இரத்தம் நம்மை மீட்டிருக்கிறது. கலாத்தியர் 3:13-ன்படி அவர் நமக்காகச் சாபமாகி முடித்துவிட்டார். அதற்குமேல் நான் என்ன முறிக்கப்போகிறேன்?

இனி அந்தக் கடன்.

ஒன்பது வருஷத்துக்கு முன் வெளியூரில் ஒரு கன்வென்ஷனுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பாரம் விற்றார்கள், மூன்று பக்கம். நாலு தலைமுறை வரைக்கும் உங்கள் குடும்பத்தில் யார் மந்திரவாதி, யார் தூக்குப்போட்டவர், யார் இரண்டு தாரம் கட்டினவர் என்று கட்டம் கட்டமாய் எழுத வேண்டும். எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு சாபமாய் முறிக்க வேண்டும். நான் ஒரு பிரதி வாங்கிவந்து 60 ஜெராக்ஸ் எடுத்து நம்முடைய சபையில் கொடுத்தேன்.

அப்போது ஒரு சகோதரி தன் மகனுக்காக ஜெபிக்க வருவார். ஆறு வயசுப் பிள்ளை, வலிப்பு. பாரத்தை நிரப்பிக்கொண்டு வந்தார். புருஷனுடைய தாத்தா கோடாங்கி என்று எழுதியிருந்தது. நான் அதில் விரலை வைத்து, "இதாம்மா. இந்த வாசல் இன்னும் திறந்திருக்கு" என்றேன். பெரிய ஞானதிருஷ்டிக்காரன் மாதிரி!

அந்தச் சகோதரி 21 நாள் உபவாசம் எடுத்தார். மாத்திரையை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. நிறுத்தாதே என்றும் சொல்லவில்லை. சாபம்தானே காரணம், மாத்திரை எதற்கு என்று அந்தத் தாய் நினைத்துவிட்டார். பையன் பள்ளிக்கூடத்தில் விழுந்து நெற்றியில் ஆறு தையல். வீட்டில் பெரிய சண்டை. எங்க குலத்தைப் பழிக்கிற சபைக்கு இனி போகாதே என்று புருஷன் சொல்லிவிட்டார். கொஞ்சமாய் அசைந்துகொண்டிருந்த அந்த மனுஷனுடைய இருதயத்தை நானே அடைத்தேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. ஒரு சாயங்காலம் போனேன். அவருடைய மாமியார் திண்ணையில் இருந்தார். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. "எங்க மாமனார் கோடாங்கிதான். விஷக்கடின்னு ராத்திரி எவன் வந்து நின்னாலும் காசு வாங்காம வேப்பிலை அடிப்பாரு. அவர் செஞ்சது தப்பாவே இருக்கட்டும். அதுக்கு இந்தப் பச்சப்புள்ளையா?" என்று கேட்டார். யோவான் 9-ல் பிறவிக்குருடனைப் பார்த்துச் சீஷர்கள் இப்படியேதானே கேட்டார்கள், இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்ததா என்று? ஆண்டவர் இரண்டும் இல்லை என்றார். நானோ ஆண்டவர் பக்கம் நிற்காமல் சீஷர்கள் பக்கம் நின்றேன். அன்றைக்கு அந்த அம்மாவுக்குப் பதில் சொல்ல எனக்கு வாயில்லை. "தப்பு என் மேலதாம்மா, மன்னிச்சிருங்க" என்று மட்டும் சொன்னேன்.

உள்ளேயிருந்து அந்தச் சகோதரி வந்தார். "பாஸ்டர், எனக்குள்ள சாபம் இருக்காம்மான்னு பையன் ராத்திரியில கேக்கிறான். நான் என்ன சொல்லட்டும்?" அங்கேயே நின்றுகொண்டு எண்ணாகமம் 26:11-ஐ எடுத்து வாசித்தேன். பிறகு நாளாகமத்தில் ஏமானைக் காட்டினேன். மாமியாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இந்தப் பாடம் எனக்குக் கிடைத்தது அந்தத் திண்ணையில்தான். பையனுக்கு இப்போது 15 வயது. மாத்திரை சாப்பிடுகிறான், வலிப்பு மிகவும் குறைந்திருக்கிறது. ஞாயிறு காலையில் சபையில் பாய் விரிக்கிற பிள்ளைகளில் அவனும் ஒருவன். அவனுடைய அப்பா இன்னும் உள்ளே வரவில்லை, கேட்டுக்கு வெளியே பைக்கில் உட்கார்ந்திருப்பார். அவரைக் கண்டால் வணக்கம் சொல்லுங்கள், பிரசங்கம் பண்ணாதீர்கள்.

அஞ்சு தலைமுறை சகோதரிக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பூட்டனுடைய வேதபுஸ்தகம் கண்ணாடி அலமாரியில் பத்திரமாய் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். சந்தோஷம். ஆனால் நியாயாதிபதிகள் 2:10-ஐ வாசியுங்கள். யோசுவாவோடு யோர்தானைக் கடந்தவர்கள் மரித்த பிறகு, கர்த்தரையும் அவர் செய்ததையும் அறியாத ஒரு சந்ததி எழும்பிற்று. ஒரே தலைமுறைதான்! தேசம் சுதந்தரமாய் வந்தது, வீடு வந்தது, திராட்சத்தோட்டம் வந்தது, தேவனை அறிகிற அறிவு வரவில்லை. தீமோத்தேயுவுக்கோ தகப்பன் கிரேக்கன், பேரும் புகழும் உள்ள வம்சம் என்று ஒன்றும் எழுதியில்லை. லோவிசாள் என்ற ஒரு பாட்டி, ஐனிக்கேயாள் என்ற ஒரு தாய், சிறுவயது முதல் சொல்லிக்கொடுக்கப்பட்ட வேதம், அவ்வளவே (2 தீமோ. 1:5, 3:15).

சங்கீதம் 78-ன் முதல் எட்டு வசனங்களைக் குடும்ப ஜெபத்தில் வாசியுங்கள். பிதாக்கள் பிள்ளைகளுக்கு எதைச் சொல்ல வேண்டும்? கர்த்தருடைய அதிசயங்களை. அத்தோடு தங்கள் முன்னோர் முரட்டாட்டம் பண்ணினதையும். நம்முடைய வீடுகளில் சாட்சி சொல்வோம், தோல்வியைச் சொல்லமாட்டோம். "தாத்தா எப்படி இரட்சிக்கப்பட்டார்" என்று பிள்ளைக்குத் தெரியும், தாத்தா கடைசி இரண்டு வருஷம் கூடப்பிறந்த தம்பியோடு வரப்புத் தகராறில் பேசாமலே மரித்தது தெரியாது. இதை என் வீட்டைக் குறித்துத்தான் எழுதுகிறேன். என் மகளுக்குப் போன கிறிஸ்துமஸுக்குத்தான் சொன்னேன். அவள், "ஏம்ப்பா இவ்வளவு நாள் சொல்லல?" என்றாள். அந்தச் சின்னத் தாத்தா வீட்டுக்கு இரண்டு பேரும் கேக் எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்தோம்.

கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சகோதரியே, அப்போஸ்தலர் 2:39-ல் வாக்குத்தத்தம் யார் யாருக்கு என்று எண்ணிப் பாருங்கள். அங்கே கூடியிருந்தவர்களுக்கு, அவர்கள் பிள்ளைகளுக்கு, தூரத்திலிருந்து தேவன் அழைக்கிற யாவருக்கும். உங்கள் வம்சத்தில் அழைப்பைக் கேட்ட முதல் ஆள் நீங்கள். ஆயிரம் தலைமுறைக்குக் கணக்கு உங்களிடத்திலிருந்து தொடங்குகிறது.

கடைசியாக ஒரு அறிவிப்பு. அன்றைக்கு நான் கொடுத்த 60 பாரத்தில் 22 திரும்பி வந்திருக்கிறது. மீதி உங்கள் பீரோவிலோ, வேதபுஸ்தகத்துக்குள்ளோ இருக்கும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடத்தில் கொண்டுவந்து கொடுங்கள். பிரித்துப் பார்க்கமாட்டேன், உங்கள் கண் முன்பாகவே கிழித்துப்போடுவேன். தனியாய்ப் பேச வேண்டியவர்கள் இருந்தால் புதன்கிழமை ஜெபத்துக்கு முன் ஐந்து மணியிலிருந்து ஆலயத்தில் இருப்பேன்.